14.2 கிராம் குளோரின்: 0.4 மோலா, 0.2 மோலா?

கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. தேர்வில் "14.2 கிராம் குளோரினில் எத்தனை மோல்கள் உள்ளன?" என்று வந்திருக்கிறது. தனிம வரிசை அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று போட்டிருக்கிறது, 14.2-ஐ 35.5-ஆல் வகுத்தால் 0.4, அதையே எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்பில் 0.2. ஆசிரியரிடம் கேட்டதற்கு "அது ஈரணு, ரெண்டால பெருக்கணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். அப்படியானால் உப்புக்கு ஏன் பெருக்கவில்லை, ஹீலியத்துக்கு ஏன் பெருக்கவில்லை, எங்கே பெருக்குவது எங்கே விடுவது என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

விடைக்குறிப்பு சரி, 0.2 மோல்தான். ஆனால் உங்கள் பொண்ணு எழுதிய 0.4-ஐத் தூக்கிக் குப்பையில் போட வேண்டாம், அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. 14.2 கிராம் குளோரினில் எத்தனை மோல் குளோரின் அணுக்கள் என்று கேட்டிருந்தால் 0.4-க்கு முழு மதிப்பெண் விழுந்திருக்கும். கேட்டது குளோரினை. வெறுமனே குளோரின் என்று சொன்னால் வேதியியலில் அந்த மஞ்சள்பச்சை வாயுவைத்தான் சொல்கிறோம், அந்த வாயுவுக்குள் போய்ப் பார்த்தால் தனியாகத் திரியும் அணு கிடையாது, எல்லாம் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட ஜோடிகள். ஜோடியை எண்ணச் சொன்ன இடத்தில் அவள் ஒற்றையை எண்ணிவிட்டாள், நடந்தது அவ்வளவுதான்.

நான் வகுப்பில் இதற்குச் செருப்புக் கடையைத்தான் இழுப்பேன். ஒற்றைச் செருப்பு 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கடையில் போய் "ஒரு டஜன் செருப்பு போடுங்க" என்றால் கடைக்காரர் எதைக் கட்டுவார்? பன்னிரண்டு ஜோடி. மூட்டையின் எடை 2.4 கிலோ இல்லை, 4.8 கிலோ. டஜன் என்ற சொல்லில் குழப்பம் இல்லை, அது எப்போதும் பன்னிரண்டு. குழப்பம் எல்லாம் "செருப்பு" என்ற சொல்லில் இருக்கிறது. மோலும் டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கைதான், கொஞ்சம் பெரிய டஜன், அவ்வளவுதான்: 6.02214076 × 10²³. 2019 மே 20-லிருந்து இந்த எண் அளவீடு செய்து கண்டுபிடிக்கும் எண்ணாக இல்லாமல், மோல் என்பதன் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் 12 கிராம் கார்பன்-12-ல் எத்தனை அணுக்களோ அது ஒரு மோல் என்று இருந்தது. பள்ளிக் கணக்குக்கு இந்த மாற்றத்தால் எந்த வித்தியாசமும் வராது, பழைய புத்தகத்தில் பழைய வரையறையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கணக்கு. அட்டவணையில் தனிமத்தின் கட்டத்துக்குள் இருக்கும் எண் ஓர் அணுவுக்கானது. அந்த எண்ணை அப்படியே கிராமாக்கினால் ஒரு மோல் அணுக்களின் எடை. மூலக்கூறில் இரண்டு அணு இருந்தால் இரண்டால் பெருக்கு. குளோரின் 35.45, அதை இரண்டால் பெருக்கினால் 70.90, அதாவது ஒரு மோல் குளோரின் 70.90 கிராம் (இதைத்தான் மோலார் நிறை என்பார்கள்), பள்ளியில் 35.5 என்று வைத்து 71 என்பார்கள். 14.2-ஐ 71-ஆல் வகுத்தால் 0.2. இதேபோல ஹைட்ரஜன் 1.008 என்பது 2.016 ஆகும், நைட்ரஜன் 14.007 என்பது 28.014, ஆக்சிஜன் 15.999 என்பது 31.998, ஃபுளூரின் 18.998 என்பது 37.996, புரோமின் 79.904 என்பது 159.808, அயோடின் 126.904 என்பது 253.808. இந்த ஏழுதான் பட்டியல், எட்டாவது கிடையாது. (இலங்கையில் படிக்கிறவர்கள் மோலார் நிறையை மூலர்த் திணிவு என்றும் தனிமத்தை மூலகம் என்றும் படித்திருப்பார்கள். கணக்கு ஒன்றுதான்.)

ஏழையும் மனப்பாடம் செய்ய ஆங்கிலத்தில் ஏதேதோ வாசகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அட்டவணையைப் பார்த்தாலே போதும். அணு எண் 7-ல், அதாவது நைட்ரஜனில் விரலை வையுங்கள். வலப்பக்கமாக ஆக்சிஜன், ஃபுளூரின் என்று போய், அங்கிருந்து கீழே குளோரின், புரோமின், அயோடின் என்று இறங்குங்கள். விரல் வரைந்த கோடு 7 என்ற எண் மாதிரியே இருக்கும். ஆறு தனிமம் ஆயிற்று, தனியாக மூலையில் நிற்கும் ஹைட்ரஜனைச் சேர்த்தால் ஏழு.

இப்போது பிள்ளைகள் வழுக்கும் இடம். "வாயு என்றால் இரண்டால் பெருக்கு" என்று தாங்களாகவே ஒரு விதி போட்டுக்கொள்கிறார்கள். அந்த விதி இரண்டு பக்கமும் கவிழ்க்கும். ஹீலியம் வாயுதான், ஆனால் ஒற்றை அணு, அதன் மோலார் நிறை 4, எட்டு கிடையாது. நியான், ஆர்கான் எல்லாம் அப்படியே. அந்தப் பக்கம் அயோடினைப் பாருங்கள், கருநீலப் பளபளப்பில் திடப்பொருளாக உட்கார்ந்திருக்கும், ஆனால் அந்தப் படிகத்துக்குள்ளும் ஜோடி ஜோடியாகத்தான் அடுக்கியிருக்கிறது, ஆகவே 254. புரோமின் திரவம், அதுவும் ஜோடி. வாயுவா திடமா என்பதற்கும் ஈரணுவா என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரு மூலக்கூறில் எத்தனை அணு என்பதைத் தமிழ்ப் புத்தகங்களில் அணுக்கட்டு எண் என்று போட்டிருப்பார்கள், அழகான சொல், பயன்படுத்துகிறவர்கள் குறைவு. அந்த எண் இரண்டைத் தாண்டியும் போகும். வெண் பாஸ்பரஸில் நான்கு, ஆகவே 30.974-ஐ நான்கால் பெருக்க 123.9. சாதாரண மஞ்சள் கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாக இருக்கும், 32.06-ஐ எட்டால் பெருக்க 256.5. ஓசோனில் மூன்று, அதனால் 48. இரும்பு, தாமிரம், சோடியம் மாதிரி உலோகங்களில் மூலக்கூறு என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை, அட்டவணை எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் இரண்டோடு நிற்கிறது, அதே குடும்பத்துக் கந்தகம் ஏன் எட்டுக்குப் போகிறது என்று அவள் கேட்டால் (கேட்க வேண்டும், நல்ல கேள்வி) இப்படிச் சொல்லுங்கள்: ஆக்சிஜன் சின்ன அணு, இரண்டு அணு நெருங்கி வந்து இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொண்டால் இருவர் தேவையும் தீர்ந்துவிடும். கந்தகம் பெரிய அணு, அந்த இரண்டாவது பிணைப்பு அதற்குச் சரியாக அமையாது, அதனால் ஒற்றைப் பிணைப்பாகவே பக்கத்தில் இருப்பவரோடு கைகோத்து வட்டம் போட்டுவிடுகிறது. நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் இடையில் உள்ளதும் இதே கதை.

அடுத்து உப்புக் கேள்வி. சோடியம் குளோரைடில் இருக்கும் குளோரின், வாயு இல்லை. அங்கே ஜோடியும் இல்லை. ஒரு சோடியம் அயனிக்கு ஒரு குளோரைடு அயனி என்ற விகிதத்தில் அடுக்கியிருக்கிறது, ஆகவே 23-உம் 35.5-உம் சேர்ந்து 58.5. தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனும் அப்படித்தான், 18 கிராம் தண்ணீரில் 16 கிராம் ஆக்சிஜன், 32 இல்லை. சேர்மத்துக்குள் போனவுடன் பழைய ஜோடி முறிந்துவிட்டது, சூத்திரத்தில் எத்தனை அணு எழுதியிருக்கிறதோ அத்தனைக்குத்தான் கணக்கு. இதில் ஒரு குறும்பு என்னவென்றால் கால்சியம் குளோரைடு. அதன் சூத்திரத்தில் குளோரினுக்குக் கீழே 2 இருக்கும், 40-உம் 71-உம் சேர்ந்து 111. பார்த்தவுடன் "ஆமாம், குளோரின் ஈரணு, அதனால் 71" என்று தோன்றும். விடை சரி, காரணம் தப்பு. அந்த 2 வந்தது கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்சுமை இருப்பதால். அலுமினியம் குளோரைடு வந்தால் 3 ஆகிவிடும், அப்போது இந்தக் காரணம் கைவிட்டுவிடும்.

தப்பான காரணத்துக்குச் சரியான விடை வருவதுதான் இந்தப் பாடத்தில் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். விடைத்தாள் திருத்தும்போது திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று இது. அம்மோனியா தயாரிப்பு: ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு அம்மோனியா. "28 கிராம் நைட்ரஜனுக்கு எத்தனை கிராம் ஹைட்ரஜன் தேவை?" சரியான வழி: 28-ஐ 28-ஆல் வகுத்தால் 1 மோல், அதற்கு 3 மோல் ஹைட்ரஜன், மோலுக்கு 2 கிராம், ஆக 6 கிராம். இரண்டால் பெருக்க மறந்த பிள்ளை என்ன செய்யும்? 28-ஐ 14-ஆல் வகுக்கும், 2 மோல் வரும். மூன்று மடங்கு, 6 மோல் ஹைட்ரஜன். மோலுக்கு 1 கிராம் என்று போடும், 6 கிராம்! இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. முழு மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு, தனக்கு இது தெரியும் என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போய்விடும்.

அதே கேள்வியில் "எத்தனை லிட்டர் ஹைட்ரஜன்?" என்று கேட்டுவிட்டால் மாட்டிக்கொள்ளும். திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர், சரியான விடை 67.2 லிட்டர், இந்தப் பிள்ளை 134.4 என்று எழுதும். "எத்தனை கிராம் அம்மோனியா கிடைக்கும்?" என்று கேட்டால் இன்னும் வேடிக்கை. 2 மோல் நைட்ரஜன், 4 மோல் அம்மோனியா, தலா 17, ஆக 68 கிராம். உள்ளே போனது 28-உம் 6-உம், மொத்தம் 34 கிராம். வெளியே வருவது 68 கிராமா? இப்படி ஒரு உலை கிடைத்தால் நாம் யாரும் வேலைக்குப் போக வேண்டியதில்லை. விடை எழுதி முடித்தவுடன் உள்ளே போன எடையையும் வெளியே வந்த எடையையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து விநாடி ஆகும், ஈரணுத் தப்பு பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

35.5-ஆ 35.45-ஆ என்பதிலும் ஒரு வார்த்தை. தேர்வில் எந்த எண் கொடுத்திருக்கிறார்களோ அதைப் போடுங்கள், கொடுக்காவிட்டால் 35.5 போதும். ஆனால் முழு எண்ணாக்குகிறேன் என்று 35 என்றோ 36 என்றோ எடுத்துக்கொண்டு பெருக்கக் கூடாது; இரண்டால் பெருக்கும்போது அந்தச் சின்னத் தப்பும் இரட்டிப்பாகும், 70 அல்லது 72 என்று வந்து நிற்கும். முதலில் பெருக்கு, அப்புறம் முழுமையாக்கு.

வேடிக்கை என்னவென்றால், 70.9 என்ற எடையுள்ள குளோரின் மூலக்கூறு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. குளோரினில் எடை மட்டும் வேறுபடும் இரண்டு வகை அணுக்கள் (ஐசோடோப்புகள்), நிறை எண் 35 உள்ளது சுமார் 75.8 சதவீதம், 37 உள்ளது 24.2 சதவீதம். இந்தச் சராசரிதான் 35.45. ஜோடி சேரும்போது 35-உம் 35-உம் சேர்ந்தால் 70, ஒன்றுக்கொன்று மாறிச் சேர்ந்தால் 72, இரண்டும் 37 என்றால் 74. நூறு மூலக்கூறு எடுத்தால் ஏறக்குறைய 57 பேர் 70, 37 பேர் 72, ஆறு பேர் 74. மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் இந்த மூன்று கோடும் கிட்டத்தட்ட 9:6:1 என்ற உயரத்தில் தெரியும், குளோரின் வாயுவுக்கு அது அங்க அடையாளம் மாதிரி. புரோமினில் 79-உம் 81-உம் ஏறக்குறைய சரிபாதி என்பதால் 158, 160, 162 என்று 1:2:1 வரும். ஃபுளூரினுக்கும் அயோடினுக்கும் இந்தத் தொல்லை இல்லை, இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான், ஆகவே ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே எடை.

இந்த "இரண்டு" எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பெரிய விஞ்ஞானிகளே இதில் ஐம்பது வருஷம் தடுமாறினார்கள், உங்கள் பொண்ணு ஒரு தேர்வில் தடுமாறியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அணுக்கொள்கை தந்த டால்டன் ஆக்சிஜன், ஹைட்ரஜன் எல்லாம் தனி அணுக்களாகவே இருக்கின்றன என்று நம்பினார், தண்ணீர் என்பது ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று கணக்குப் போட்டார். 1809-ல் பிரான்ஸில் கே லூசாக் வாயுக்களின் கன அளவை அளந்து வெளியிட்ட முடிவில் சிக்கல் தொடங்கியது. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது. ஒரே அளவு இடத்தில் ஒரே எண்ணிக்கையில் துகள்கள் இருக்கும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு ஆக்சிஜன் துகளிலிருந்து இரண்டு நீர்த் துகள்கள் வந்தாக வேண்டும், அதாவது ஆக்சிஜன் துகள் பாதியாகப் பிளக்க வேண்டும். அணுவைப் பிளக்க முடியாது என்று சொல்லிவிட்ட டால்டனுக்கு இது எப்படிப் பிடிக்கும்? கே லூசாக்கின் அளவீட்டையே அவர் நம்பவில்லை.

1811-ல் தூரின் நகரத்துக்காரரான அவகாட்ரோ சொன்னது எளிமையான விஷயம்: பிளந்தது அணு இல்லை, ஜோடி. ஆக்சிஜன் வாயுவின் துகளே இரண்டு அணுக்களால் ஆனது, ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்து இரண்டு நீர் மூலக்கூறுகளுக்குள் போய்விட்டன. இவ்வளவு தெளிவாக இருந்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குச் செல்வாக்கோடு இருந்த ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸின் கொள்கைப்படி, எதிரெதிர் மின்தன்மை இருந்தால்தான் அணுக்கள் சேரும், ஒரே வகை இரண்டு அணு சேரவே சேராது, ஒன்றையொன்று விலக்கும். எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொண்டு சேரலாம் என்பதெல்லாம் அவர்கள் கனவிலும் இல்லாத காலம். விளைவு, ஆளாளுக்கு ஒரு அணு நிறைப் பட்டியல், ஒரே பொருளுக்குப் பல சூத்திரங்கள். 1856-ல் அவகாட்ரோ இறந்துபோனார். 1858-ல் இன்னொரு இத்தாலியர், கானிசாரோ, தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய முறையை எழுதி வெளியிட்டார். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது அந்தச் சிறு பிரசுரம் கைக்குக் கை போனது, அதன்பிறகுதான் விவகாரம் தீர ஆரம்பித்தது. அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த இளைஞர்களில் மெண்டெலீவும் ஒருவர். அணு நிறை ஒழுங்கானதால்தான் பின்னால் அவரால் அட்டவணையே போட முடிந்தது.

கானிசாரோ செய்த ஒரு காரியம் நம் கணக்குக்கு நேரடியாக வருகிறது. வாயுக்களின் அடர்த்தியை ஹைட்ரஜனோடு ஒப்பிடும்போது ஹைட்ரஜனை 1 என்று வைக்காமல் 2 என்று வைத்தார். பத்தாம் வகுப்பில் "மூலக்கூறு நிறை = 2 × ஆவி அடர்த்தி" என்று ஒரு சூத்திரம் படித்திருப்பாளே, அதில் அந்த 2 எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விழிப்பார்கள். ஹைட்ரஜன் ஈரணு, அதிலிருந்து வந்தது. குளோரின் ஹைட்ரஜனைப் போல 35 மடங்கு சொச்சம் அடர்த்தி, ஹைட்ரஜன் மூலக்கூறு 2, ஆகவே குளோரின் 71. ஒருவேளை ஹைட்ரஜன் ஒற்றை அணு வாயுவாக இருந்திருந்தால் சூத்திரத்தில் அந்த 2-க்கே வேலை இருந்திருக்காது.

அடர்த்தி வழியாக நீங்களே சரிபார்க்கவும் முடியும். சுழி டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் ஆக்சிஜன் 1.429 கிராம். 22.4-ஆல் பெருக்கினால் 32.0. நைட்ரஜன் 1.2506 கிராம், பெருக்கினால் 28.0. ஹைட்ரஜன் 0.0899, பெருக்கினால் 2.01. தராசு பொய் சொல்லாது, வாயு தன்னை ஜோடியாகத்தான் காட்டிக்கொள்கிறது.

வெளியே வந்து பார்த்தாலும் இந்த இரண்டு மடங்கு கண்ணில் படும். மருத்துவமனைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் டி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 7000 லிட்டர் வாயு அடைத்திருப்பார்கள். அறை வெப்பநிலையில் மோலுக்கு 24.5 லிட்டர் என்று வைத்தால் 286 மோல், தலா 32 கிராம், ஏறக்குறைய 9.1 கிலோ. 2021 ஏப்ரல், மே மாதங்களில் செய்தியில் ஒரு பக்கம் டன் கணக்கு, இன்னொரு பக்கம் சிலிண்டர் கணக்கு என்று மாறி மாறிச் சொன்னார்களே, ஒரு டன் என்றால் சுமார் 110 சிலிண்டர். 16 என்று போட்டிருந்தால் ஒரு டன்னுக்கு 220 சிலிண்டர் வரும் என்று தாளில் எழுதிவிட்டு, பாதி கட்டில்களுக்கு ஆக்சிஜன் இல்லாமல் நின்றிருப்போம்.

குளோரினுக்கு வாருங்கள். உலர்ந்த காற்றின் சராசரி மோலார் நிறை 29-க்குக் கொஞ்சம் கீழே, 28.97. குளோரின் 71, காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். குடிநீர் நிலையத்தில் குளோரின் கசிந்தால் பள்ளத்துப் பக்கம் ஓடக் கூடாது, காற்று வரும் திசையைப் பார்த்து மேட்டுக்கு ஏற வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் குளோரினைத் திறந்துவிட்டபோது அது தரையோடு தவழ்ந்து போய்ப் பதுங்குகுழிகளுக்குள் இறங்கியதும் இந்த 71-ஆல்தான்.

இன்னொன்று. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். புழுக்கத்தில் காற்று கனமாக இருப்பதாகத்தானே நமக்குப் படுகிறது? ஆனால் நீராவி 18, அது வந்து உட்காரும்போது வெளியே தள்ளப்படுவது 28-உம் 32-உம் உள்ள மூலக்கூறுகள். நைட்ரஜனை 14 என்றும் ஆக்சிஜனை 16 என்றும் போட்டால் இதுவே தலைகீழாகிவிடும், நீராவி காற்றைவிடக் கனம் என்று வரும், ஈரக் காற்று மேலே எழும்பி மேகம் கட்டுவதையே விளக்க முடியாது. பலூனும் அப்படித்தான். ஹீலியம் அணு ஹைட்ரஜன் அணுவைப் போல நான்கு மடங்கு எடை, ஆனால் ஹீலியம் வாயு ஹைட்ரஜன் வாயுவைப் போல இரண்டு மடங்குதான், ஒன்று ஒற்றை, மற்றது ஜோடி. காற்றின் 29-இலிருந்து கழித்துப் பாருங்கள், ஹைட்ரஜனுக்கு 27, ஹீலியத்துக்கு 25. தூக்கும் திறனில் ஏழெட்டு சதவீதம்தான் வித்தியாசம், தீப்பிடிக்கிற பயம் இல்லாமல் ஹீலியத்தை அடைப்பதில் பெரிய நஷ்டம் இல்லை.

கடைசியாக, உங்கள் பொண்ணு ஆர்வமாக இருந்தால் இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஒரு வாயு, லிட்டருக்கு 1.784 கிராம், அதன் மோலார் நிறை என்ன, அணு நிறை என்ன? 22.4-ஆல் பெருக்கி 40 என்று முதல் பாதியைச் சுலபமாகச் சொல்லிவிடுவாள். இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது விஷயம்: இது 40 எடையுள்ள ஒற்றை அணுவா, தலா 20 எடையுள்ள ஜோடியா? அடர்த்தி அதைச் சொல்லாது. 1894-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளான ராலேவும் ராம்சேவும் இதே இடத்தில்தான் நின்றார்கள். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராம், அந்தச் சின்ன வித்தியாசத்தைத் துரத்திப் போய் ஆர்கானைப் பிடித்திருந்தார்கள். 20 என்றால் அட்டவணையில் ஃபுளூரினுக்கும் சோடியத்துக்கும் நடுவில் அழகாகப் பொருந்தும். 40 என்றால் அடுத்து வரும் பொட்டாசியத்தின் 39-ஐவிட அதிகம், வரிசையே கெடும். இது மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் வாதிட்டார்கள், மெண்டெலீவும் அந்தப் பக்கம்தான். தீர்த்துவைத்தது தராசு இல்லை, சத்தம். ஒரு வாயுவில் ஒலி போகும் வேகத்திலிருந்து அதன் இரண்டு தன்வெப்பங்களின் (அழுத்தம் மாறாமல் சூடாக்கத் தேவையான வெப்பம், கன அளவு மாறாமல் சூடாக்கத் தேவையான வெப்பம்) விகிதத்தைக் கணக்கிடலாம், சுழல்வதற்கும் வழியுள்ள ஜோடி மூலக்கூறு என்றால் அது 1.4 பக்கம் இருக்கும், ஒற்றை அணு என்றால் 1.66 பக்கம். குழாய்க்குள் மென்மையான தூளைத் தூவி, ஒலி எழுப்பி, தூள் எந்த இடைவெளியில் குவிகிறது என்று அளந்து பார்த்தார்கள். 1.66 பக்கம் வந்தது. ஆர்கான் ஒற்றை, 40-ஐ எதனாலும் பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்.